மோடத்துக்கு எங்கே இடம்?

டெலிபோன் கம்பி வழியாக இண்டர்நெட் வரும் வீட்டில் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். கம்பியில் ஓடி வரும் மின் அலைகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் செய்தியாக மாற்றுவது ஒன்று. அதைச் செய்வது மோடம். அப்படி வந்த செய்தியை வீட்டிலுள்ள சாதனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அழையாத விருந்தாளிகளை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது மற்றொன்று. அதைச் செய்வது ரூட்டர்.

கம்பெனிகள் தரும் பெட்டிகளில் இவ்விரண்டும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கின்றன. பெரும்பாலோர் அந்தப் பெட்டியை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சிலருக்கு அப்படி மறந்துவிட மனம் வருவதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி யார், அவன் யார் பேச்சைக் கேட்கிறான் என்பது வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் ஒரு சிறு கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி அதையே ரூட்டர் ஆக்கிக்கொள்கிறார்கள். லினக்ஸின் உள்ளமைப்பை யாரும் திறந்து பார்க்கலாம். பிழை கண்டால் திருத்தம் வெளிவருகிறது. பெட்டியைச் செய்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டதே என்ற கவலை இல்லை.

இந்தக் காரியத்தில் இறங்குகிறவர் முன்னால் உடனே ஒரு கேள்வி வந்து நிற்கிறது. மோடத்தை எங்கே வைப்பது? கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஒரு கார்டாகச் செருகிவிடலாமா? அல்லது தனிப் பெட்டியாக வெளியே வைத்து, ஒரு கேபிளால் இணைக்கலாமா?

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய கேள்வி என்று தோன்றலாம். அப்படியல்ல. பல தேசங்களில் பழைய டெலிபோன் முறை நீங்கி, பேச்சும் இப்போது இண்டர்நெட் வழியாகவே போகிறது. மோடம் நின்றால் டெலிபோனும் நின்றுவிடும். ஒரு சிறு அச்சகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆர்டர் வருவது அந்தக் கம்பியில்தான். பணம் வருவதும் அதில்தான். ஆபத்துக்கு ஆம்புலன்ஸை அழைப்பதும் அதில்தான். அது அரை நாள் நிற்பதும் ஐந்து நிமிஷம் நிற்பதும் ஒன்றாகிவிடாது. இந்த வித்தியாசம் மோடத்துக்கு இடம் தேடும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது.

ஜெர்மனியில் கிடைத்த உரிமை

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு ஜெர்மனி தேசம் பொருத்தமான உதாரணம். அங்கே இன்னும் மிகப் பல வீடுகளுக்குச் செம்புக் கம்பியில்தான் இண்டர்நெட் வருகிறது. டி.எஸ்.எல். என்று சொல்லப்படும் இந்த முறையை ஜெர்மன் டெலிபோன் கம்பெனியான டாய்ச்ச டெலிகாம் 1999-ல் பொதுமக்களுக்கு அளிக்க ஆரம்பித்தது. அப்போதைய வேகம் வினாடிக்கு 768 கிலோபிட். அன்றைக்கு அது பிரமாதமான வேகம்.

ஆனால் எந்தப் பெட்டியை வைப்பது என்பதில் வீட்டுக்காரருக்கு எப்போதும் சுதந்திரம் இருந்ததில்லை. தாங்கள் தரும் ரூட்டரைத்தான் வைக்க வேண்டும் என்று சில கம்பெனிகள் நிபந்தனை போட்டன. இணைப்புக்கு வேண்டிய ரகசியச் சொற்களையும் தர மறுத்தன. ஜெர்மானியர் இதற்கு "ரூட்டர் கட்டாயம்" என்றே பெயர் வைத்தார்கள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. 2016 ஆகஸ்ட் 1 முதல் மோடமும் ரூட்டரும் வீட்டுக்காரர் விருப்பம். இணைப்புக்கு வேண்டிய விவரங்களைக் கம்பெனி தானாகவே தந்துவிட வேண்டும்.

உரிமை கிடைத்துவிட்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் லினக்ஸ்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள்.

உள்ளே வைப்போர் சொல்வது

உள்ளே வைப்போர் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களிடம் மூன்று நியாயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இடமும் சிக்கனமும். ஒரே பெட்டி, ஒரே பிளக். தனி மோடத்துக்குத் தனி மின்சாரம் வேண்டும். 6 வாட் எடுக்கும் ஒரு மோடம் வருஷம் முழுவதும் இராப்பகலாக ஓடினால் சுமார் 53 யூனிட் ஆகிறது. கார்டும் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும். ஆயினும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும்.

இரண்டாவது, கண்காணிப்பு. கம்பியில் இரைச்சல் எவ்வளவு, எந்த வேகத்தில் இணைப்பு ஏற்பட்டிருக்கிறது, எத்தனை முறை அறுந்து மறுபடி சேர்ந்தது என்பதெல்லாம் மோடத்துக்குத்தான் தெரியும். மோடம் உள்ளேயே இருந்தால் லினக்ஸ் அந்த விவரங்களை நேரே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது நியாயம் மிகவும் பலமானது. அதைச் சற்று விளக்கியே சொல்ல வேண்டும். ரூட்டரிலிருந்து வெளி மோடத்துக்குப் போகும் கேபிள் அகலமான ராஜபாட்டை; அதில் வினாடிக்கு 1000 மெகாபிட் போகும். மோடத்திலிருந்து வெளியே போகும் கம்பியோ ஒற்றையடிப் பாதை. மேல்நோக்கி 40 மெகாபிட் போனால் அதிகம், பழைய இணைப்புகளில் 1 மெகாபிட் கூடக் கிடையாது. ராஜபாட்டையில் வந்த கூட்டமெல்லாம் ஒற்றையடிப் பாதையின் வாயில் வரிசை கட்டி நிற்கிறது. அந்த வரிசை மோடத்துக்குள் இருக்கிறது. அது எவ்வளவு நீளம் என்பது லினக்ஸுக்குத் தெரியாது.

256 கிலோபைட் கொள்ளும் வரிசை ஒன்று நிறைந்துவிட்டால், 1 மெகாபிட் வேகத்தில் அது காலியாக 2 வினாடிக்கு மேல் ஆகும். ஒருவர் போட்டோக்களை அனுப்பிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் டெலிபோனில் பேசுகிறவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பது இதனால்தான். மோடம் உள்ளே இருந்து, அதன் டிரைவரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், ஒரு பாக்கெட் கம்பியில் ஏறிய பிறகுதான் அடுத்ததை லினக்ஸ் கொடுக்கும். வரிசை லினக்ஸ் கையிலேயே இருக்கும். அவசரமான பேச்சை முன்னே விட்டு, அவசரமில்லாத போட்டோவைச் சற்று நிறுத்தி வைக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பிரான்ஸ் தேசத்தில் ஃப்ரீ என்ற கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் பெட்டியில், மோடத்தின் டிரைவரோடு சேர்த்து, எஃப்.க்யூ.-கோடெல் என்ற புதிய வரிசை முறையை 2012 ஆகஸ்டிலேயே புகுத்தியது. அந்த முறை லினக்ஸ் கெர்னலில் இடம் பெற்று அப்போது ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. மோடமும் ரூட்டரும் ஒரே கையில் இருந்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

டிரைவர் என்ற முட்டுக்கட்டை

இவ்வளவு நியாயம் இருந்தும் இந்தக் கட்சி ஏன் தோற்கிறது? "டிரைவரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்" என்று மேலே ஒரு நிபந்தனை வந்ததல்லவா? அங்கேதான் சங்கடம்.

ஈதர்நெட் கார்டுகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்கின்றன. அவற்றின் டிரைவர்களைப் பல பேர் எழுதிப் பல பேர் திருத்திச் செம்மை செய்திருக்கிறார்கள். டி.எஸ்.எல். கார்டு அப்படியல்ல. விற்பது சொற்பம். உள்ளே வேலை செய்யும் நிரலோ சிப் செய்த கம்பெனியின் ரகசியம்.

பெர்லின் நகரத்து ஏவிஎம் கம்பெனியின் "ஃபிரிட்ஸ் கார்டு டி.எஸ்.எல்." ஒரு காலத்தில் ஜெர்மனியில் பெயர் பெற்ற கார்டு. லினக்ஸுக்கும் டிரைவர் உண்டு. ஆனால் அந்த டிரைவரின் முக்கியப் பகுதி, மூலம் தெரியாத மூடிய நிரலாக வந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ற டிரைவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2006-ல் வெளிவந்த சூஸே லினக்ஸ் 10.1-ல், இப்படி மூடிய கெர்னல் டிரைவர்களைச் சேர்ப்பதில்லை என்று அதன் நிர்வாகிகள் தீர்மானித்துவிட்டார்கள். அவர்கள் கொள்கை அவர்களுக்கு நியாயம். வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு அதன் ரகசியம் நியாயம். நடுவிலே அகப்பட்டுக்கொண்டவர் கார்டை வாங்கிச் செருகியவர்தான்.

யு.எஸ்.பி. மோடம்களின் கதை இன்னும் பரிதாபம். அல்கடெல் கம்பெனியின் ஸ்பீட்டச் யு.எஸ்.பி. என்ற பச்சை நிற மோடத்துக்கு, மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் மூளையையே கம்ப்யூட்டரிலிருந்து புகட்ட வேண்டும். லினக்ஸ் கெர்னலில் டிரைவர் வந்த பிறகும், அந்த மூளை நிரலை வாங்குபவர் தனியாகத் தேடிக்கொண்டு வரவேண்டியிருந்தது. தனிப் பெட்டியாக வெளியே கிடந்தாலும், பிழைப்புக்கு உள்ளே இருப்பவரை நம்பியிருந்தது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.

எல்லாக் கார்டும் இப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டிராவர்ஸ் என்ற சிறு கம்பெனி, சோலோஸ் என்ற கார்டைச் செய்தது. அதன் டிரைவர் யாரும் பார்க்கக் கூடிய திறந்த நிரல். 2009-ல் கெர்னலிலேயே இடம் பெற்றது. லினக்ஸ்காரர்கள் மனம் குளிர்ந்தார்கள். உள்ளே வைக்கும் மோடம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உதாரணம் காட்டத் தகுந்தது அது. ஆனால் அது ஏ.டி.எஸ்.எல். காலத்துக் கார்டு. அந்தக் காலம் போய்விட்டது.

ஒரே கம்பி, பல தலைமுறை

காலம் போய்விட்டது என்பதுதான் உள்ளே வைப்போருக்கு எதிரான பெரிய வாதம். ஜெர்மன் வீட்டுச் சுவரில் இருக்கும் செம்புக் கம்பி மாறவில்லை. ஆனால் அதில் ஓடும் முறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 768 கிலோபிட்டில் தொடங்கியது, ஏ.டி.எஸ்.எல். 2+ என்ற முறையில் 16 மெகாபிட் ஆயிற்று. 2006-ல் வி.டி.எஸ்.எல். வந்து 50 மெகாபிட் வரை போயிற்று. 2014-ல் வெக்டரிங் என்ற உபாயம் வந்து 100 ஆயிற்று. 2018-ல் சூப்பர் வெக்டரிங் வந்து 250 ஆயிற்று.

ஒவ்வொரு படியிலும் பழைய மோடம் பின்தங்கிவிடுகிறது. வெக்டரிங் என்பது ஒரே கட்டில் ஓடும் அக்கம்பக்கத்துக் கம்பிகள் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடாதபடி கணக்குப் போட்டுச் சமாளிக்கும் முறை. அந்தக் கணக்கில் சேரத் தெரியாத மோடம் அண்டை வீட்டார் இணைப்புக்கும் இடைஞ்சல். ஆகவே தெருவிலுள்ள கம்பெனிப் பெட்டி அதைக் குறைந்த வேகத்துக்குத் தள்ளிவிடக் கூடும். வேறு மோடம் வாங்குவதைத் தவிர வழியில்லை.

மோடம் தனியே இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கலாம். டிரேடெக் கம்பெனியின் விகோர் 130 வெக்டரிங் வரைக்கும் போதும். சூப்பர் வெக்டரிங்குக்கு அதே கம்பெனியின் விகோர் 167 போன்ற ஒன்று வேண்டும். மாற்றுவதற்குச் சில நிமிஷம் போதும். ரூட்டருக்கு ஏதோ மாறியது என்பதே தெரியாது.

கார்டாக இருந்தாலோ, இரண்டு பக்கமும் இடி. கம்பிப் பக்கம் முறை மாறுகிறது. கம்ப்யூட்டர் பக்கம் கார்டு செருகும் இடமே மாறிவிட்டது. அன்றைய கார்டுகள் பி.சி.ஐ. என்ற பொந்துக்குச் செய்தவை. இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தப் பொந்து அபூர்வம். ரூட்டராக வைப்பதற்கேற்ற சிறிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எந்தப் பொந்துமே கிடையாது.

இதற்கு எதிராக ஈதர்நெட் சாக்கெட்டை வைத்துப் பார்க்க வேண்டும். முறுக்குக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கு 1990-ல் இலக்கணம் வகுத்தார்கள். வேகம் 10 மெகாபிட்டிலிருந்து ஆயிரமாயிற்று, அதற்கு மேலும் போயிற்று. சாக்கெட் மட்டும் அதே சாக்கெட். அடிக்கடி மாறும் இரண்டு பொருள்களுக்கு நடுவே மாறாத ஒன்றை வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழாமல் இருக்கும்.

மின்னல் அடித்தால்

டெலிபோன் கம்பி பல நூறு மீட்டர் தெருவில் ஓடி வருகிறது. பக்கத்தில் எங்கேயோ மின்னல் விழுந்தாலும் அதன் அதிர்ச்சி கம்பியில் ஏறி வீட்டுக்குள் வரக்கூடும். மோடம் கார்டாக இருந்தால் அந்தக் கம்பி நேரே கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போய் முடிகிறது. உரலுக்குள் தலையை விட்ட பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன பிரயோஜனம்?

வெளி மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே ஈதர்நெட் இருக்கிறது. அதன் சாக்கெட்டில் சிறிய டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நேரே பாயாது. 1500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. நேரே விழும் இடிக்கு முன்னால் இது தூசு. ஆயினும் சாதாரண அதிர்ச்சிகளில் மோடம் பலியாகி ரூட்டர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். போனது மோடம் மட்டும் என்றால் செலவு சிறிது. ரூட்டரும், அதில் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த அமைப்புகளும் போனால் நஷ்டம் பெரிது.

பழுது வந்த அன்று

மேலே சொன்ன அச்சகத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் இண்டர்நெட் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பழுது கம்பியிலா, மோடத்திலா, ரூட்டரிலா?

வெளி மோடத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. அது நிலையாக எரிந்தால் கம்பி சரி. ரூட்டரைப் பார்க்க வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் கம்பியிலோ மோடத்திலோ கோளாறு. அலமாரியில் வைத்திருக்கும் பழைய மோடத்தை மாட்டிப் பார்க்கலாம். அதுவும் சிமிட்டினால் கம்பெனிக்குப் புகார் செய்யலாம். "குற்றம் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும்" என்று அவர்கள் தட்டிக்கழிக்க இடமில்லை. வருகிற பழுது பார்ப்பவரும் தம்முடைய பெட்டியை அதே கேபிளில் மாட்டிச் சோதித்துவிட்டுப் போகலாம்.

கார்டாக இருந்தால் கம்ப்யூட்டரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மாற்றுக் கார்டு எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். அதுவரை கார்டு கெட்டதா, டிரைவர் கெட்டதா, கெர்னல் புதுப்பித்ததால் வந்த வினையா என்று தீர்மானிக்கவே முடியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். உள்ளே வைத்து மிச்சம் பிடித்த 53 யூனிட் மின்சாரம் அந்த ஒரு காலைப் பொழுதில் போய்விடும்.

வெளியே வைத்தால் கவனிக்க வேண்டியவை

வெளியே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பிசகு.

முதலாவதாக, மோடம் என்று விற்கும் பெட்டிகளில் பல, தாமே ரூட்டராகவும் நடக்கப் பார்க்கும். அதன் பின்னால் லினக்ஸ் ரூட்டரை வைத்தால் ஒரு வாசலுக்கு இரண்டு காவலாளி. ஒருவன் திறந்தால் மற்றவன் மூடுவான். வெளியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு வேண்டியவர்கள் திண்டாடுவார்கள். ஆகவே பிரிட்ஜ் என்னும் முறையில் வைக்கக் கூடிய மோடத்தையே வாங்க வேண்டும். அம்முறையில் மோடம் வெறும் பாலமாக இருந்துவிடும். கம்பெனியோடு பேசி இணைப்பு ஏற்படுத்துவது லினக்ஸின் பொறுப்பு.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 2016 நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் டெலிகாம் வாடிக்கைக்காரர்கள் சுமார் 9 லட்சம் பேருடைய இணைப்பு தடுமாறியது. கம்பெனி தூரத்திலிருந்தே பெட்டிகளை நிர்வகிப்பதற்கென்று இருக்கும் 7547 என்ற எண்ணுள்ள வாசலை, உலகெங்கும் யாரோ தட்டிக்கொண்டே போனார்கள். சில மாடல் ரூட்டர்கள் அந்தத் தட்டலைத் தாங்காமல் முடங்கிவிட்டன. பிரிட்ஜ் முறையிலுள்ள மோடத்துக்கு இண்டர்நெட்டில் விலாசமே கிடையாது. விலாசம் இல்லாத வீட்டின் கதவை யார் தட்டுவது? விலாசம் லினக்ஸ் ரூட்டரிடம் இருக்கிறது. எந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார்.

இரண்டாவதாக, சில சிறு கணக்குகள். ஜெர்மனியில் வழங்கும் பி.பி.பி.ஓ.இ. என்ற முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே 1500 பைட்டுக்குப் பதில் 1492 என்று ரூட்டரில் குறிக்க வேண்டும். இதை மறந்தால் சில இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காமல் வேடிக்கை காட்டும். டெலிகாம் இணைப்பில் 7 என்ற வி-லேன் அடையாள எண்ணையும் போட வேண்டும். அதை மோடம் போடுகிறதா, லினக்ஸ் போடுகிறதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இருவரும் போட்டாலும் இணைப்பு வராது. இருவருமே போடாவிட்டாலும் வராது.

மூன்றாவது, மேலே சொன்ன வரிசைத் தொல்லை. இதற்கு மருந்து உண்டு. மேல்நோக்கிய வேகம் 40 மெகாபிட் என்றால், லினக்ஸே 37 அல்லது 38-க்கு மேல் அனுப்பாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். மோடத்தில் வரிசை சேராது. வரிசை மறுபடி லினக்ஸ் கைக்கு வந்துவிடும். 2018-ல் கெர்னல் 4.19-ல் சேர்ந்த கேக் என்ற சாதனம் இதை அழகாகச் செய்கிறது. பழைய ஏ.டி.எஸ்.எல். கம்பியில் செய்தி 53 பைட் துண்டுகளாகப் போகும். அதில் 5 பைட் தலைப்புக்கே போய்விடும். அந்தக் கணக்கையும் கேக் போட்டுக்கொள்ளும். எந்த வகைக் கம்பி என்று மட்டும் அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

இந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வேகத்தில் 5 சதவிகிதம் போய்விடுகிறது. மேலும் கம்பியின் நிலை மாறி மோடம் குறைந்த வேகத்தில் மறுபடி இணைந்தால், பழைய கணக்கு தப்பாகிவிடும். மோடத்தின் பக்கத்திலிருந்து வேகத்தைப் படித்துத் தானாகவே திருத்திக்கொள்ளும்படி ஒரு சிறு நிரலை எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வைப்போர் இந்த ஒரு விஷயத்தில் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது நியாயமான ஜெயம்.

நடுவழிகள்

இரண்டுக்கும் நடுவே சில வழிகள் உண்டு. டிரேடெக் கம்பெனி விகோர்நிக் 132 என்றொரு கார்டைச் செய்தது. கம்ப்யூட்டருக்கு உள்ளே செருகுவதுதான். ஆனால் மோடத்தின் மூளை கார்டிலேயே இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது சாதாரண ஈதர்நெட் கார்டாகவே தெரிந்தது. தனி டிரைவர் வேண்டாம். உள்ளே குடிவந்தாலும் வெளி மோடத்தின் நடத்தையைத்தான் அது கைக்கொண்டது என்பது கவனிக்கத் தக்கது.

விரல் நீளமே உள்ள எஸ்.எஃப்.பி. மோடமும் உண்டு, பிராசெண்ட் கம்பெனியின் 180-டி அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கேற்ற பொந்துள்ள ரூட்டரில் செருகிவிட்டால் தனிப் பெட்டியும் வேண்டாம், தனிப் பிளக்கும் வேண்டாம். ஆனால் சிறிய உடம்பில் சூடு ஏறும். காற்றோட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வேகம் வரை போகும் என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, மோடம் உள்ளேயே அமைந்த பழைய ரூட்டரில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற லினக்ஸை ஏற்றிவிடுவது. லான்டிக் சிப் கொண்ட பெட்டிகள் சிலவற்றில் இது நன்றாக நடக்கிறது. மோடமும் லினக்ஸும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. மோடத்தின் மூளை நிரல் மட்டும் மூடியபடியே இருக்கும். அந்தச் சிப்கள் சூப்பர் வெக்டரிங் அறியாதவை. வேகம் 100 மெகாபிட்டுக்குள் போதும் என்பவர்களுக்கு, குறைந்த செலவில் இது நல்ல ஏற்பாடுதான்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் தீர்ப்பு கடினமாக இல்லை. திறந்த டிரைவர் உள்ள கார்டு ஏற்கெனவே கையில் இருந்து, கம்பியும் பழைய முறையிலேயே இருந்து, பழுது வந்தால் தாமே பார்த்துக்கொள்ளும் கைப்பழக்கமும் உள்ளவர் உள்ளே வைத்துக்கொள்ளட்டும். அவர் அதன் பலனை அனுபவிப்பார். மற்றவர்கள் எல்லோரும், முக்கியமாக அந்தக் கம்பியை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள், மோடத்தை வெளியேதான் வைக்க வேண்டும். பிரிட்ஜ் முறைக்கு ஒத்துவரும் சாதாரண மோடம் ஒன்று. அலமாரியில் அதற்கு மாற்றாக இன்னொன்று. நடுவே ஓர் ஈதர்நெட் கேபிள். இதற்கு மேல் ஆடம்பரம் தேவையில்லை.

செம்புக் கம்பியின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது, இனி இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதுவே இந்தத் தீர்ப்புக்கு இன்னொரு காரணம். ஜெர்மனியில் தெருத் தெருவாகக் கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. இழை வந்த வீட்டில் வெளி மோடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இழைக்குரிய பெட்டியை வைக்கலாம். அதன் பின்பக்கத்திலும் அதே ஈதர்நெட் சாக்கெட். லினக்ஸ் ரூட்டர் இருந்த இடத்தில் இருக்கும்; அதன் காவல் விதிகள் அப்படியே இருக்கும். கார்டைச் செருகியவர் மட்டும் மறுபடி திருப்புளியைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தப் பாடம் புதிதல்ல. பி.எஸ்.என்.எல். 2005-ல் டெலிபோன் கம்பி வழியே இண்டர்நெட் அளிக்கத் தொடங்கிய பிறகு வீடுகளுக்கு வந்த மோடம்களில், ஈதர்நெட் சாக்கெட்டும் யு.எஸ்.பி. சாக்கெட்டும் சேர்ந்தே இருந்தவை உண்டு. யு.எஸ்.பி.யில் மாட்டியவர்கள் டிரைவர் சி.டி.யைப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. ஈதர்நெட்டில் மாட்டியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்று பல ஊர்களில் அந்தக் கம்பியின் இடத்தில் கண்ணாடி இழை வந்துவிட்டது. அந்தப் பெட்டியையும் கம்பெனியே ரூட்டராக்கித்தான் தருகிறது. அதை வெறும் பாலமாக வைத்துக்கொண்டு தம்முடைய ரூட்டரை அடுத்தபடியாக வைக்க முடியுமா என்பது, இழை இணைப்பு வாங்குகிறவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி.

கம்பியோ இழையோ, தெருவில் ஓடுவது கம்பெனியின் சொத்து. அதன் முறையை அவர்கள் இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு ஒன்றாகவும் மாற்றுவார்கள். அதற்கேற்ற மோடமும் மாறியாக வேண்டும். வீட்டு வாசல் வீட்டுக்காரருடைய சொத்து. அது அடிக்கடி மாறக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஆணியடித்து வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.